குதிரை வந்த வழியும் லாடக்காரன் வராத கதையும்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிற நகரத்து நண்பர்கள், தூணையும் தரைக்கல்லையும் படம் எடுத்து முடிச்ச பிறகு, செக்காலையிலிருந்து ஏதாவது ஒரு கிராமத்துப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொல்வாங்க. அங்கே கண்மாய்க்கரையில் அய்யனார் கோயில் வாசலில் வரிசை கட்டி நிற்கிற மண் குதிரைகளைப் பார்த்ததும் ஒரு கேள்வி வரும். "இந்த ஊர்ல யார் வீட்டிலயும் குதிரையே இல்லையே, அப்புறம் எதுக்குங்க இத்தனை குதிரை?"

நியாயமான கேள்விதான். இதுக்குப் பதில் தேடப் போனால் எழுநூறு வருஷம், ஆயிரம் வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கு. போய்ப் பார்த்ததில் எனக்குப் புரிஞ்சது இதுதான்: குதிரை நம்ம மண்ணுக்கு எப்பவும் விருந்தாளி. அது கரை இறங்கின ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருத்தர் "சரி" சொல்லியிருக்காங்க. ஆனா சரி சொன்ன எல்லாரும் ஒரே பலனை அடையலை. வாங்குறதுக்கு மட்டும் சரி சொன்னவங்க ஒரு பக்கம், கத்துக்கிறதுக்கும் சரி சொன்னவங்க இன்னொரு பக்கம். ரெண்டு பேர் கதையும் நம்ம பாண்டி நாட்டிலேயே இருக்கு.

வைக்கோல் தின்னு வாழாத பிராணி

முதல்ல, இங்கே ஏன் குதிரை பெருகலை என்று ஒரு விவசாயியா சொல்லிடுறேன்.

எங்க பக்கம் செம்மண்ணும் சரளையும். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைஞ்சா ஒரு போகம் நெல், இல்லாட்டி அதுவும் இல்லை. இந்த மண்ணில் மாடு வாழும். வைக்கோலைத் தின்னுட்டுப் படுத்து அசை போட்டு, அதையே பாலாகவும் உழைப்பாகவும் மாத்திக் கொடுக்கும். குதிரை அசை போடாது. அதற்கு ஒரே இரைப்பை, அதுவும் உடம்புக்குச் சின்னது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டிய பிராணி அது. தப்பான தீனி உள்ளே போயிட்டா வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் அதால் முடியாது. வயிற்று வலியில் விழுந்து புரண்டே உயிர் போகும். தானியத்தை அளவில்லாமல் கொடுத்தால் நோய் வயிற்றோடு நிற்காமல் குளம்புக்கு இறங்கும். குளம்புக்குள்ளே வீக்கம் கண்டு நிற்க முடியாமல் போகும். நிற்க முடியாத குதிரை பிழைப்பது கஷ்டம்.

புழுக்கமும் வெக்கையும், பெரிய புல்வெளி இல்லாத நிலமும் சேர்ந்து, தமிழ்நாட்டில் நல்ல போர்க்குதிரை பிறந்து பெருகவே இல்லை. ஆனா சண்டைக்குக் குதிரை வேணும். அதனால் கடல்வழியே வாங்கினார்கள். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கிய பொருள்களில் குதிரையும் ஒன்று என்று பட்டினப்பாலை சொல்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் "குதிரைச் செட்டி" என்றே ஒரு வணிகர் கூட்டம் வருது. மலைமண்டலத்திலிருந்து, அதாவது இன்றைய கேரளப் பக்கத்திலிருந்து, வந்து குதிரை விற்றவர்கள். அரபுக் கடலில் வருகிற குதிரை மேற்குக் கரையில் இறங்கும், அங்கிருந்து இவர்கள் கைக்கு வரும். மிளகு விற்ற கையும் துணி விற்ற கையும் உயிருள்ள, உதைக்கிற, செத்துப்போகக்கூடிய ஒரு சரக்கை விற்கச் சரி சொன்னதே பெரிய துணிச்சல்தான்.

வருஷத்துக்கு இரண்டாயிரம், மிஞ்சியது நூறு

இந்த வியாபாரம் உச்சத்துக்குப் போனது 13ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில். துறைமுகம் காயல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயல். 1290களின் தொடக்கத்தில் அந்த வழியாகப் போன வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவும், பாரசீகத்தில் உட்கார்ந்து வரலாறு எழுதிய வாசாபும் இதைப் பற்றி விரிவாகவே எழுதி வச்சிருக்காங்க.

வாசாப் தரும் கணக்கைப் பாருங்க. கீஷ் தீவிலிருந்த ஜமாலுத்தீன் என்ற பெருவணிகர் வருஷத்துக்கு 1,400 குதிரை அனுப்ப ஒப்பந்தம். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் அதே விலை! அதற்கு முந்தைய காலத்தில் பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து 10,000 குதிரை வரைக்கும் போனதாகவும், அதன் மதிப்பு 22 லட்சம் தினார் என்றும் எழுதுகிறார்.

மார்க்கோ போலோ சொல்வது இன்னும் சுருக்குனு தைக்கும். பாண்டிய அரசர்கள் ஐந்து பேர், சகோதரர்கள். ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குறாங்க. வருஷக் கடைசியில் நூறு கூட மிஞ்சுறதில்லை. காரணம் என்ன? குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை, லாடம் அடித்துக் குளம்பு பார்க்கிற ஆள் இல்லை. விற்கிற வணிகர்கள் அப்படிப்பட்ட ஆட்களைக் கூட்டி வருவதும் கிடையாது, வேறு யாரும் வர விடுவதும் கிடையாது. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்க முடியும்?

தீனி விஷயமும் இருவரும் எழுதியிருக்காங்க. சோற்றோடு இறைச்சி சேர்த்துச் சமைத்துக் கொடுக்கிறார்கள் என்கிறார் போலோ. வறுத்த தானியத்தில் வெண்ணெய் கலந்து கொடுத்து, குடிக்கக் காய்ச்சிய பால் வைத்து, நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்துவிட்டு, பழக்காமல் கொள்ளாமல் திடீரென்று ஏறி ஓட்டுகிறார்கள் என்கிறார் வாசாப். எப்பேர்ப்பட்ட குதிரையும் கொஞ்ச நாளில் உதவாததாகிவிடும் என்று முடிக்கிறார்.

வெளியூர்க்காரங்க எழுதினது, கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பாங்க என்று வச்சுக்கலாம். குதிரையைப் பற்றிய அறிவு நம்ம நாட்டில் ஏட்டில் இருந்தது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் அசுவ சாஸ்திரச் சுவடியே இருக்கு. ஆனா மேலே சொன்ன குதிரை வயிற்றுக் கணக்கோடு இந்தத் தீனியை ஒட்டிப் பாருங்க. வெண்ணெய், வறுத்த தானியம், நாற்பது நாள் அசையாமல் கட்டு, அப்புறம் நோய் இறங்கின குளம்பைப் பார்க்க ஆளில்லை. செத்தது ஆச்சரியமே இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு நமக்குப் பிடிச்சதை ஆக்கிப் போட்டிருக்கோம், அதுக்கு என்ன வேணும்னு கேட்கலை.

இதில் யார் லாபம் பார்த்தது? அதே ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டியனுக்கு அமைச்சராகவே ஆனார். குதிரை விற்க வந்த குடும்பம் அரசவையில் ஆலோசனை சொல்லும் இடத்துக்கு வந்தது. அவர்கள் புது நாட்டுக்கு, புது மொழிக்கு, புது அரசனுக்குச் சரி சொன்னார்கள், கூடவே எல்லாத்தையும் கற்றார்கள். நாம பொன்னை எண்ணிக் கொடுத்தோம். 1311இல் மாலிக் கபூர் மதுரை வரை வந்து திரும்பியபோது 512 யானையும் 5,000 குதிரையும் கொண்டு போனதாக அமீர் குஸ்ரோ எழுதுகிறார். அம்புட்டுப் பொன் கொடுத்து வாங்கியும், குதிரை நம்மைக் காப்பாத்தலை.

பாண்டியரோடு இந்தப் புத்தி போயிருந்தா பரவாயில்லை. இருநூறு வருஷம் கழிச்சு விஜயநகரத்தில் சாளுவ நரசிம்மன், ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை கொண்டு வருகிறவர்களுக்குக் கேட்ட விலையைக் கொடுத்தானாம். கடலில் செத்த குதிரைக்கு வாலை மட்டும் கொண்டு வந்து காட்டினால் போதும், முழு விலை. இதை எழுதி வச்சது நூனிஸ் என்ற போர்த்துகீசியக் குதிரை வியாபாரி. வாலுக்கு விலை கொடுத்த கதையைச் சிரிச்சுக்கிட்டேதான் எழுதியிருப்பான்.

கயிறு மாறினால்

அறந்தாங்கி தாண்டிப் போனால் ஆவுடையார்கோயில். பழைய பெயர் திருப்பெருந்துறை. மாணிக்கவாசகர் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பாண்டியனின் அமைச்சர், குதிரை வாங்கப் பொன்னோடு கடற்கரைப் பக்கம் வந்தவர், வழியில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். குதிரைப் பணம் கோயில் பணமாச்சு. அரசன் குதிரை எங்கேன்னு கேட்க, ஆவணி மூலத்தன்று வரும் என்றார். வந்தது. சிவபெருமானே குதிரை வணிகராக வந்து ஒப்படைத்தார். ராத்திரி ஆனதும் அத்தனையும் நரியாகி, லாயத்தில் முன்பே இருந்த குதிரைகளையும் கடித்துப் போட்டுவிட்டுக் காட்டுக்கு ஓடின. இன்றைக்கும் மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய லீலை நடக்குது. ஆவுடையார்கோயில் தூண்களில் குதிரைச் சிற்பங்கள் நிற்குது.

பக்தர்களுக்கு இது இறைவன் விளையாட்டு. எனக்கும் அப்படித்தான். ஆனா சந்தையில் மாடு பிடிச்சுப் பழகின ஆள் என்பதால் இந்தக் கதையில் எனக்கு வேறு ஒண்ணும் கேட்கும். குதிரையை ஒப்படைக்கும்போது கயிறு மாற்றுகிற வழக்கம் கதையில் வருது. கயிறு கை மாறிட்டா அதுக்கு மேல நல்லது கெட்டது வாங்கினவன் பொறுப்பு. எங்க மாட்டுச் சந்தையிலும் அதேதான். பகலில் கண்ணைப் பறிக்கிற குதிரை, கோடிப் பொன் விலை. கயிறு மாறின ராத்திரியே லாயம் காலி. கடல் தாண்டி வந்த குதிரைகள் கொத்துக்கொத்தாகச் செத்ததைப் பார்த்த ஒரு நாட்டில் இந்தக் கதை ஆழமாக ஊன்றிப்போனதில் எனக்கு வியப்பில்லை.

வேளார் சொன்ன சரி

இப்போ முதல் கேள்விக்கு வர்றேன். குதிரை இல்லாத ஊரில் எதுக்கு மண் குதிரை?

குதிரை அரசனுடைய சொத்து, படையுடைய சொத்து. சாமானியன் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஆனா ராத்திரியில் ஊர் எல்லையையும் கண்மாய்க்கரையையும் சுற்றிக் காவல் காக்கிற அய்யனாருக்கு வாகனம் வேணும். அதைச் செய்து தரச் சரி சொன்னவங்க மண்பாண்டம் வனையும் வேளார்கள். சட்டி பானை செய்த கை, ஆள் உயரக் குதிரை செய்யக் கத்துக்கிட்டது.

இது சாதாரண வேலை இல்லீங்க. களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிச்சுப் பதம் பார்க்கணும். முதல்ல நாலு காலையும் உருளையாக எழுப்பி, அது இறுகின பிறகுதான் அதன் மேல் வயிறு. உள்ளே கூடு. திண்ணமாகச் செய்தால் சூளையில் வெடிச்சிடும். ஈரம் கூடினால் கால் தாங்காது, குறைஞ்சா ஒட்டு விடும். அப்புறம் கழுத்து, தலை, மணி, சேணம். பாண்டியன் லாயத்தில் யாருக்கும் கைவராத குதிரைக் கலை, வேளார் வீட்டு முற்றத்தில் கைவந்தது. அந்தக் குதிரைக்குக் கொள்ளும் வேண்டாம், லாடமும் வேண்டாம்!

எங்க சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் புரவி எடுப்பு பேர் போனது. பிடிமண் கொடுப்பதில் தொடங்கும். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுத்தால், அதுதான் ஆர்டர், அதுதான் ஒப்பந்தம். செய்து முடிச்ச குதிரைகளைப் புரவிப் பொட்டலிலிருந்து தோளில் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்குப் போவாங்க. அரண்மனைப் புரவி முன்னால் போகும், நேர்த்திக்கடன் புரவிகள் பின்னால். பிள்ளை வரம் வேண்டியவர், நோய் தீர்ந்தவர், மழைக்கு வேண்டிய ஊர் எல்லாம் அதில் உண்டு. பல அய்யனார் கோயில்களில் பூசை செய்வதும் வேளார்தான். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிற குதிரைக்கு மாசி மகத்தில் காகிதப் பூமாலை சாத்தும் கூட்டத்தை ஒரு தடவையாவது வந்து பாருங்க. அம்புட்டுத் தூரம் வர முடியாத சென்னைவாசிகள், முட்டுக்காடு தட்சிணசித்ராவில் இருக்கிற அய்யனார் கோயிலையாவது பார்க்கலாம்.

இரவல் குதிரை

சிவகங்கைச் சீமையில் உயிருள்ள குதிரைக்கும் ஒரு பெரிய கதை உண்டு. 1772இல் காளையார்கோயிலில் முத்துவடுகநாதர் கம்பெனிப் படையோடு போரிட்டு இறந்தபோது, ராணி வேலு நாச்சியார் திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குத் தப்பிப் போனார். அந்த வருஷம் டிசம்பர் 8ஆம் தேதி பிரதானி தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்குக் கடிதம் எழுதினார். கேட்டது 5,000 குதிரைப்படை, 5,000 காலாட்படை. ராணியின் சீமை பறிபோயிருந்தது, கையில் வரிப் பணம் இல்லை. ஆனா சின்ன வயதிலேயே குதிரையேற்றமும் வாள் வீச்சும் கற்றவர், ஐதரிடம் உருதுவிலேயே பேசக்கூடியவர் என்று நம்ம பக்கம் சொல்லுவாக. எட்டு வருஷம் காத்திருந்து 1780இல் சிவகங்கையை மீட்டார். பொன் வச்சிருந்த பாண்டியருக்கு நிலைக்காத குதிரை, கற்று வச்சிருந்த ராணிக்கு இரவலாக வந்தும் உதவியது.

கானாடுகாத்தானிலிருந்து கிண்டி வரை

இருபதாம் நூற்றாண்டில் செட்டிநாட்டுப் பேரும் குதிரையும் ஒண்ணா அடிபட்டதுன்னா அது எம்.ஏ.எம். ராமசாமி அவர்களால்தான். கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பேரன், ராஜா சர் முத்தையாச் செட்டியாரின் மகன். 1931இல் பிறந்து 2015 டிசம்பர் 2இல் காலமானார். வட்டித் தொழிலும் பர்மா வியாபாரமும் செய்த சமூகத்திலிருந்து வந்து, இந்தியா முழுக்க 500க்கும் மேற்பட்ட கிளாசிக் பந்தயங்களில் தன் குதிரைகளை ஜெயிக்க வச்சவர். மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் தலைவராகவும் பல காலம் இருந்தார்.

பந்தயம் என்றதும் நம்ம ஊர்ப் பெரியவங்க முகம் சுளிப்பாங்க. சுளிக்கத்தான் வேணும். குதிரை மேல் பணம் கட்டி வீட்டை வித்த குடும்பக் கதை தமிழ்நாட்டில் ஏராளம். 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது அதனால்தான். 1986இல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். வழக்கு டில்லி வரை போய், 1996 ஜனவரி 12இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது, அது வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு இல்லை.

தீர்ப்பில் நீங்க யார் பக்கமாவது இருங்க. என் கண்ணில் பட்டது, நீதிபதிகள் திறமைன்னு எதை எதையெல்லாம் எண்ணினார்கள் என்பது. குதிரையின் வம்சம், அதற்குக் கொடுத்த பயிற்சி, வேகமும் தாங்கும் சக்தியும், ஓட்டுகிற ஜாக்கியின் கை. எழுநூறு வருஷம் முன்னாடி காயல் துறைமுகத்தில் யாரும் எண்ணாமல் விட்டது இதைத்தான். பணம் கட்டுகிறவன் பாண்டியன் மாதிரி, கயிறு அவன் கையில் இல்லவே இல்லை. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிற சைஸ், பயிற்சியாளர், லாடம் அடிப்பவர், கால்நடை மருத்துவர், இவங்க கையில் இருப்பது தொழில். பந்தயம் நின்றால் முதல் அடி விழுவதும் இவங்களுக்குத்தான், அதையும் மறைக்கக் கூடாது. ஆனா கைத்தொழில் தெரிஞ்சவன் இன்னொரு லாயத்துக்குப் போவான். எங்க பக்கம் கோயில் திருவிழாக்களில் மாட்டு வண்டியோடு குதிரை வண்டி எல்கைப் பந்தயமும் நடக்கிறது. அங்கேயும் நல்ல சாரதியைத் தேடித்தான் வருவாங்க, பணக்காரனைத் தேடி இல்லை.

பாம்பும் குதிரையும்

குதிரை உலகம்னா சண்டையும் பந்தயமும் மட்டும்னு நினைச்சிடாதீங்க. வயலில் ராத்திரி தண்ணி பாய்ச்சப் போகிற எங்களுக்குக் குதிரை வேறு ரூபத்தில் உயிர் கொடுக்கிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலு பாம்பின் விஷத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றினால் அதன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உருவாகும். அதிலிருந்து எடுப்பதுதான் பாம்புக்கடி ஊசி.

அந்த விஷத்தைத் தருபவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். 1972இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அடுத்துத் தோல் ஏற்றுமதியும் நின்றதும் பிழைப்புப் போச்சு. 1978இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடும் வேலைக்குச் சரி சொன்னார்கள். பாம்பு பிடிக்கிற பழைய அறிவு அப்படியே இருக்க, அதுக்குப் புது வேலை கிடைச்சது. இங்கே எங்கேயோ ஒரு விவசாயி பாம்பு கடிச்சும் எழுந்து நடக்கிறான்னா, அவனுக்கும் கடிச்ச பாம்புக்கும் நடுவில் ஒரு இருளரும் ஒரு குதிரையும் நிற்கிறாங்க.

இதை ஏன் இப்போ எழுதுறேன்

என் அக்கா மகன் டிப்ளமா முடிச்சு ரெண்டு வருஷம் சும்மா இருந்தான். நிலத்தில் பாதி சீமைக்கருவேலம். சிங்கப்பூருக்கு ஏஜென்ட் கேட்ட பணம் வீட்டில் இல்லை. அந்த நேரத்தில் கர்நாடக எல்லைப் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையிலிருந்து, தெரிஞ்சவர் மூலமா ஒரு வாய்ப்பு வந்தது. லாயத்தில் வேலை, கூடவே குளம்பு சீவி லாடம் அடிக்கிற தொழிலைக் கத்துத் தருவாங்க. பையனுக்கு ஆசை. அக்காவுக்கு அழுகை.

"குதிரைச் சாணி அள்ளவா தம்பி இவனைப் படிக்க வச்சேன்?"

"சாணி அள்ளாத சம்சாரி வீடு ஏதுக்கா நம்ம ஊர்ல?"

"நம்ம வீட்டுச் சாணி வேற. ஊரான் வீட்டுச் சாணி வேற."

அந்தப் பேச்சில் அக்காவின் கவலை நியாயமானது. சொந்த மாட்டுக்குச் செய்தால் அது விவசாயம், அடுத்தவன் குதிரைக்குச் செய்தால் அது எடுபிடி வேலை என்பது நம்ம ஊர்க் கணக்கு. ஆனா பாண்டியன் லாயத்தில் ஆள் இல்லாமல் போனதுக்கு, அரபு வணிகனின் தந்திரம் மட்டுமா காரணம்? குதிரை மேல் ஏறுவது கௌரவம், குதிரைக் காலைத் தூக்கிப் பிடிப்பது கேவலம்னு ஒரு நாடு நினைச்சிருந்தா, வெளியிலிருந்து தடுக்கவே தேவையில்லை, லாடக்காரன் தானாகவே உருவாக மாட்டான். சந்தைக்குச் சந்தை மாட்டுக்கு லாடம் அடிச்சவங்க எங்க காலத்திலேயே ஒவ்வொருத்தரா மறைஞ்சாங்க. அவங்க பிள்ளைகளை அந்தத் தொழிலுக்கு விட நாம யாரும் சொல்லலை, அவங்களும் விடலை.

போகச் சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டுச் சரி சொல்லச் சொல்லலை. மூணு விஷயத்தைக் கேட்டுத் தெளிவாக்கிக்கச் சொன்னேன். தொழிலைக் கத்துத் தரப் போகிற ஆள் யார், அவர் பேர் என்ன? எத்தனை மாசத்தில் நீ தனியா ஒரு குளம்பைச் சீவுவே? உதை வாங்கிப் படுத்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாரது? மூணுக்கும் நேரான பதில் வந்தா கிளம்பு. வராட்டி அது வேலை இல்லை, நீயும் அவங்களுக்கு வால் கணக்குதான். முழு விலை பேசுவாங்க, கையில் ஒண்ணும் இருக்காதுன்னேன்.

ரெண்டு கேள்விக்கு உடனே பதில் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் நாலு நாள் இழுத்து, அப்புறம் எழுதிக் கொடுத்தாங்க. ஆவணியில் கிளம்பினான். அக்கா ஒரு மாசம் என்னோட பேசலை.

போன வாரம் போன் பண்ணினான். "மாமா, இன்னும் கத்தியைத் தொட விடலை. குளம்பைத் தூக்கி மடியில வச்சுப் பிடிச்சு நிக்கத்தான் விடுறாங்க. இடுப்பு விட்டுப் போகுது."

"நில்லுடா. அதை நிக்கத்தான் நம்ம ஊர்ல ஆள் இல்லாம போச்சு"ன்னேன்.